மூச்சுக்குத் தாழ்ந்த கோடு

இக்குறிப்பை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பழக்கவட்டத்தில் நடந்த செய்தி இப்போது ஒரு வேடிக்கைக் கதையாக உலவுகிறது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்த ஒருவர் மழைக்காலம் முழுவதும் ஒரு பழைய கணிப்பொறியின் மின்வழங்கியோடு மல்லுக்கு நின்றாராம், கீழ்வீட்டு நண்பர் வந்து ஒரு விசையைத் தட்டினாராம், எல்லாம் சரியாயிற்றாம். சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள்; சிரிப்பதற்கும் அதில் இடமுண்டு. ஆயினும் அக்கதையில், அந்த மனிதர் எதற்காக மல்லுக்கு நின்றார் என்பது இல்லை. எல்லாம் சரியாகிவிடவில்லை என்பதும் இல்லை. கதை இவ்வாறே உறைந்து போவதற்கு முன், நடந்ததை நடந்தவாறு எழுதி வைப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

என் மனைவி வங்காளத்திலுள்ள இந்நகரின் தென்பகுதியில், ஏரிக்கு அண்மையிலுள்ள எங்கள் இல்லத்திலேயே நெடுங்காலம் வாய்ப்பாட்டுக் கற்பித்தவள். தமிழ்ப் பிள்ளைகளும் வங்காளப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து கற்றார்கள். கற்பித்ததோடு நில்லாமல் அவள் தானாகவும் இயற்றினாள்: வருணங்கள், ஜதிசுவரங்கள், சில தில்லானாக்கள். இங்கே வீசும் காற்றில் கலந்திருக்கும் தேஷ், பேஹாக் என்னும் ராகங்கள் அவற்றுள் இயல்பாக வந்து அமர்ந்தன. அவற்றின் சுவரக்குறிப்பை அவள் ஒரு கணிப்பொறியில் தன் கையாலேயே ஏற்றி வந்தாள். அக்காலத்தில் தமிழ் எழுத்து வருவதற்கென்று தனியே ஒரு மென்பொருள் வேண்டியிருந்தது. எழுத்துக்கு மேலும் கீழும் புள்ளியிட்டு மேல்நிலை, கீழ்நிலை காட்டும் முறையை அவளே அதற்குள் அமைத்துக்கொண்டாள். வேறு கணிப்பொறிகள் வந்தபோதும் இப்பணிக்கு அவள் அந்தப் பழைய பொறியை விட்டு மாறவில்லை.

சென்ற ஆண்டு கோடையின் இறுதியில் அவளுக்குப் பக்கவாதம் கண்டது. நடை திரும்பியது, வலக்கை ஓரளவு திரும்பியது, பேச்சும் வந்தது. குரல் மெலிந்திருந்தாலும் சுருதி பிசகவில்லை. சிறுமியாக இருந்தபோது கற்ற வரிசைகளும் கீர்த்தனங்களும் ஒன்றுகூடக் குறையாமல் இருந்தன. அவள் தானே இயற்றியவைதாம் ஒவ்வொன்றாக நழுவின.

ஒரு நாள் காலையில் அவள் தன் தேஷ் வருணத்தைத் தொடங்கினாள். பல்லவி வந்தது. அனுபல்லவியின் வாயிலில் நின்றுவிட்டாள். நான் நாளிதழை மடித்து வைத்தேன்.

"அடுத்தது என்னங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? எனக்குச் சுருதிப்பெட்டியைப் போடவே தெரியாதே."

"நீங்கதான தினம் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. கேக்கத்தான செஞ்சீங்க, இல்ல பேப்பர் படிச்சீங்களா?"

அவள் சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் விடைக்காகவும் காத்திருந்தாள்.

தாளில் அச்சிட்டு வைத்திருந்தவை, கீழறையில் மழைநீர் புகுந்த ஒரு பருவத்தில் கூழாகிப் போயின. நெகிழ்தட்டுகளில் எடுத்து வைத்த படிகளை இந்நகரின் ஈரம் பூசணமாகத் தின்றிருந்தது. பழைய மாணவியரிடம் கேட்டோம். திருமணமாகிப் பல ஊர்களுக்குச் சென்றவர்கள், அன்போடு பாடி அனுப்பினார்கள். ஒரே வருணம் இருவர் வாயில் இரண்டாக இருந்தது. கைப்பேசியில் அவற்றைக் கேட்ட என் மனைவி, "ஆமா, இதுதான்" என்றும், "இல்ல, இந்தப் பொண்ணு தானா ஏதோ சேத்துக்கிட்டா" என்றும் தயங்காமல் சொன்னாள். அவளால் எடுத்துக் கொடுக்க இயலவில்லை. கேட்டுத் தீர்ப்புச் சொல்ல இயன்றது. அந்த ஆற்றல் எத்தனை நாளுக்கு நிற்கும் என்று எந்த மருத்துவரும் சொல்ல முன்வரவில்லை. அது நிற்கும்போதே மூலக்குறிப்புகள் அவள் செவிக்கு முன்னால் வந்தாக வேண்டும். அம்மூலம் இருந்த ஒரே இடம் அந்தக் கணிப்பொறியின் வன்தட்டு.

கணிப்பொறி இயங்கவில்லை. விசையைப் போட்டால் விசிறி சுழலும். திரை கருமையாகவே இருக்கும்.

எங்கள் மகள் நகரின் மறுபக்கம் சால்ட் லேக்கில் பணிபுரிகிறாள். விடுமுறை நாளில் வந்தவள் ஒரே சொல்லில் முடித்தாள்: "டிஸ்க்க மட்டும் கழட்டுங்கப்பா, சாந்தனில குடுத்துரலாம்." சாந்தனிச் சந்தையில் தரவு மீட்டுக் கொடுக்கும் கடைக்காரர் வன்தட்டைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, அது தன் சொந்தப் பொறியில், தன் சொந்த அட்டையோடு மட்டுமே பேசும் இனத்தைச் சேர்ந்தது என்றார். "மெஷின் பெஹலே சாலு கீஜியே, தாதா," முதலில் பொறியை ஓட வையுங்கள் என்று, வணக்கத்தோடு திருப்பிக் கொடுத்தார். பொறி ஓடினால் தாமே வீட்டுக்கு வந்து படியெடுத்துத் தருவதாகவும் சொன்னார். விசிறி சுழன்றும் திரை எழாததால், கோளாறு பொறிக்குள் மின்னைப் பிரித்துக் கொடுக்கும் மின்வழங்கியில்தான் இருக்கும் என்பதும் அவர் கணிப்பு. புதிய மின்வழங்கி ஒன்றை வாங்கி மாட்டிவிடவும் வழியில்லை. எங்கள் பொறியின் இணைப்பியும் கம்பிகளின் வரிசையும் சந்தையில் உள்ள எதனோடும் பொருந்தவில்லை. அதன் சுற்றுப்படமும் எங்கும் கிடைக்கவில்லை. ஒரு கம்பி இடம் மாறினால் வன்தட்டின் மின்பலகை எரிந்துவிடும். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

ஆக, பழைய மின்வழங்கியைத்தான் பிழைக்க வைக்க வேண்டியிருந்தது.

கீழ்வீட்டு நண்பர் கார்டன் ரீச்சிலுள்ள தொடர்வண்டித் தலைமையகத்தில் சமிக்ஞைப் பிரிவில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டனார் காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இங்கு வந்து வேரூன்றிய குடும்பம். அவரிடம் பழைய அலைவுகாட்டி ஒன்று இருந்தது. அவர் அதை ஸ்கோப் என்பார். மின்னோட்டம் நொடிதோறும் எவ்வாறு ஏறி இறங்குகிறது என்பதைப் பச்சைக் கோடாகத் திரையில் வரையும் கருவி அது. அவர் தம் மகன் வீட்டுக்குத் தெற்கே புறப்படும் நாளில், சாந்த்ராகாச்சி நிலையத்தில் வண்டி பிடிக்க வாடகைக்கார் காத்திருக்க, அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார்.

"அண்ணாச்சி, ஸ்கோப்ப வெச்சுக்கிடுங்க. நான் வர ஒரு மாசம் ஆகும். ஆனா ஒண்ணு. கரண்டு உள்ள வார பக்கம் இருக்கு பாத்தீங்களா, அங்க இந்தக் கிளிப்ப மாட்டவே கூடாது. மாட்டினா ஸ்கோப்பும் போகும், நீங்களும் போவீங்க. மதினிக்கு யாரு பதில் சொல்றது?"

"வெளிவரும் பக்கத்தை மட்டும் அளக்கிறேன்."

"கம்ப்யூட்டரோட சேத்து டெஸ்ட் பண்ணாதீங்க. டிஸ்க் பாவம். ஸ்கூட்டர் ஹெட்லைட் பல்பு ஒண்ண மாட்டி அதுக்குக் கரண்டக் குடுங்க. சும்மா விட்டா இந்த மாதிரி சப்ளை ஓடாது."

நானும் இக்கருவியை வாழ்நாளெல்லாம் கையாண்டவன்தான். மாணவர்க்கு அதில் அலை வடிவங்களைக் காட்டியிருக்கிறேன். என்ன தெரியப் போகிறது என்பதை முன்னமே அறிந்துகொண்டு காட்டிய காட்சிகள் அவை. எனக்கு விடை தெரியாத ஒன்றை அதனிடம் நான் அதுவரை கேட்டதேயில்லை.

மின்வழங்கியைக் கழற்றி, மூடியைத் திறந்து, சன்னலோரம் மேசையில் வைத்தேன். சுமையாக முகப்பு விளக்கின் குமிழை மாட்டினேன். மின்னழுத்தமானியை வைத்துப் பார்த்தேன். ஐந்து வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தே இருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு. அளவு சரி என்று மனத்துக்குள் முத்திரையிட்டுவிட்டு, பிழை அளவில் இல்லையென்றால் தூய்மையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நேர்மின்னின் மேல் சிற்றலைகள் ஏறியிருந்தால் கணிப்பொறி எழாது. பழைய மின்தேக்கிகள் காய்ந்துபோனால் அவ்வாறு நேரும்.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். அலைவுகாட்டியில் இரு நிலை கொண்ட ஒரு சிறு விசை உண்டு. ஒரு நிலையில் கோடு, மின்னழுத்தம் எவ்வளவோ அவ்வளவு உயரத்தில் நிற்கும். ஏசி என்று குறித்த மற்ற நிலையில் அந்த உயரத்தைக் கருவி கழித்துவிட்டு, அதன் மேலுள்ள நடுக்கத்தை மட்டும் காட்டும். சிறு நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காண விரும்புவோர் இரண்டாம் நிலையைத்தான் தேர்வார்கள். நானும் அதையே தேர்ந்தேன்.

பச்சைக் கோட்டின் மேல் முட்கள் தெரிந்தன. வரிசையாக, கூராக, கருவேல மரத்துக் கிளைபோல். நோயைக் கண்டுவிட்டேன் என்ற மகிழ்ச்சியில் அன்று மாலை மனைவிக்குப் பக்கத்தில் அமர்ந்து தேநீர் அருந்தினேன்.

"பெட்டி பேசிச்சா?" என்றாள்.

"நாளை மறுநாள் பேசும்."

சாந்தனிக்குச் சென்று மின்தேக்கிகள் வாங்கி வந்தேன். இரட்டைக் கண்ணாடி அணிந்து, கையை மேசைமேல் ஊன்றி, ஒவ்வொன்றாகப் பற்றாசு வைத்து மாற்றினேன். முட்கள் அப்படியே இருந்தன. மீண்டும் சென்று வேறு தயாரிப்பு வாங்கினேன். முட்கள் இருந்தன. மின்வழங்கியைப் பொறிக்குள் பொருத்திப் பார்த்தேன். திரை கறுத்தே கிடந்தது. வெளியே எடுத்தேன். இருமுனையங்களை மாற்றினேன். சுருள்களின் பற்றைப் புதுப்பித்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் திரையில் ஏதோ சற்றுக் குறைந்ததுபோல் தோன்றும். மறுநாள் பார்த்தால் குறையவில்லை என்று தெரியும். பாடபேதங்களை ஒப்பிடுவோன்போல் முட்களின் உயரத்தையும் இடைவெளியையும் ஆராய்ந்தேன். உறவினர் தொலைபேசியில் அழைத்தால் எடுக்கவில்லை. வெளியே மழை விட்டு விட்டுப் பெய்தது. தெருமுனையில் முழங்கால் நீரில் கைவண்டிகள் சென்றன. உண்ணும்போதும் என் கண்ணுக்குள் அம்முட்களே நின்றன.

அந்நாள்களில் ஒரு மாலை, மகள் மற்றொரு மாணவி பாடி அனுப்பியதைத் தாய்க்குக் கேட்பித்தாள். என் மனைவி கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்தபின் நாங்கள் இருவரும் அவள் முகத்தைப் பார்த்தோம்.

"சரியாம்மா?"

"இருக்கலாம்," என்றாள்.

அதுவரை அவள் அச்சொல்லை இவ்வகையில் சொன்னதில்லை. ஆம் என்பாள், அல்லது இல்லை என்பாள். மகள் கைப்பேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மாவுக்கு டயர்டு. ஏக்டு, கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்," என்று எழுந்து சன்னல் பக்கம் போய் நின்றாள். நான் மேசைக்குத் திரும்பினேன். பற்றாசுக் கோலின் சூடு ஏறுவதற்குக்கூட அன்று என்னால் பொறுத்திருக்க முடியவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, அளக்கும்போது கைதவறி அலைவுகாட்டியின் ஆய்முனை, நண்பர் கிளிப் என்ற அதன் சொந்த நிலக்கவ்வியின்மேலேயே விழுந்து தொட்டுக்கொண்டது. முனையும் கவ்வியும் ஒன்றையொன்று தொட்டால் அளப்பதற்கு இடையில் ஒன்றுமே இல்லை; கோடு வெறுமையாக இருக்க வேண்டும். திரையை ஏறிட்டுப் பார்த்தேன். முட்கள் அங்கே இருந்தன. அதே உயரம், அதே இடைவெளி. நிலக்கவ்வியின் நீண்ட கம்பி ஒரு வளையமாக நின்று, சுற்றியுள்ள மின்னிரைச்சலை வானலைவாங்கிபோல் வாங்கிக் கருவிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. நான் இத்தனை நாளும் படித்தது மின்வழங்கியையே அன்று. என் சொந்தக் கம்பியை. நோய் இன்னதென்று அறியவே நான் தொடங்கவில்லை என்பது அப்போது புரிந்தது.

பின்பு எழுந்து, வேறொரு பொறிக்கென்று செய்யப்பட்ட புது மின்வழங்கி ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தேன்; பொருந்தாது என்று தெரிந்தும் சாந்தனியில் ஒரு நாள் வாங்கி வைத்திருந்தேன். கம்பிவெட்டியையும் எடுத்தேன். கம்பிகளை அறுத்து ஒட்டிவிடுவது. எரிந்தால் எரியட்டும், இப்போது இருப்பதும் இல்லாமைதானே என்று எண்ணினேன். பழைய இணைப்பியின் கம்பிகளை விரலால் பிரித்தேன். ஒரு காலத்தில் சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக இருந்தவை எல்லாம் ஒரே மங்கல் பழுப்பாகியிருந்தன. எது ஐந்து, எது பன்னிரண்டு என்று அறியக் கூடவில்லை. அன்று என் கையைத் தடுத்தது அறிவென்றோ பொறுமையென்றோ நான் சொல்லிக்கொள்ள மாட்டேன். நிறம் வெளுத்திருந்தது, அவ்வளவுதான்.

நண்பர் ஊரிலிருந்து திரும்பிய மறுநாள் காலை மேலே வந்தார். மழை ஓய்ந்து, சுவரெல்லாம் வியர்த்திருந்த காலை. நான் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அலைவுகாட்டியின் முகப்பைப் பார்த்தார்.

"இத ஏன் அண்ணாச்சி ஏசிலயே வெச்சிருக்கீங்க?"

"சிற்றலையைக் காண வேண்டுமே."

"சிற்றலை கெடக்கட்டும். மொதல்ல வோல்ட்டேஜ் இருக்கா?"

"இருக்கிறது. மானியில் பார்த்தேன். ஐந்து."

"எப்பப் பாத்தீங்க?"

பிற்பகலில், வெயிலில், அந்தக் குமிழ் எரியத் தொடங்கி நெடுநேரம் கழித்து என்று சொல்லும்போதே எனக்கு ஏதோ உறைத்தது. அவர் விசையை மறுபக்கம் தள்ளிவிட்டு மின்வழங்கியை இயக்கினார். கோடு ஐந்தின் கட்டத்துக்கு நன்றாகக் கீழே நின்றது. முகப்பு விளக்கு எரிந்தது. கோடு மிக மெதுவாக, ஆற்றில் வெள்ளம் ஏறுவதுபோல், மேலே ஊர்ந்தது. நெடுநேரம் கழித்து ஐந்தில் போய் நின்றது.

"ஆரே பாபா," என்றார் நண்பர். "சூடு பட்டா ஏறுது. நாம வெச்ச பல்பே அதுக்கு மருந்தா இருந்திருக்கு."

குமிழின் வெப்பமும் சன்னல் வெயிலும் பலகையை உலர்த்தியபின் ஒவ்வொரு நாளும் நான் நலமான நோயாளியைத்தான் பார்த்திருக்கிறேன். கணிப்பொறியின் வயிற்றுக்குள் இருட்டிலும் ஈரத்திலும் அது ஒரு நாளும் ஐந்தைத் தொட்டதில்லை. என் விசை இருந்த நிலையிலோ இந்தத் தாழ்வு தெரியவே தெரியாது. உயரத்தைக் கழித்துவிட்டல்லவா கருவி எனக்குக் காட்டியது.

நண்பர் அதை அணைத்து ஆறவிட்டு மீண்டும் போட்டார். பின்பு குனிந்து, கண்ணாடியைத் துடைப்பதற்கு ஊதுவதுபோல், பலகையின் ஒவ்வொரு மூலையிலும் வாயைத் திறந்து மூச்சு விட்டார். முதல் மூலையில் கோடு அசையவில்லை. இரண்டாவதில் அசையவில்லை. விசிறிக்கு எதிரே உள்ள மூலையில் மூச்சுப் பட்டதும் கோடு தாழ்ந்தது. மறுபடி விட்டார். மறுபடி தாழ்ந்தது.

"நீங்க விடுங்க அண்ணாச்சி."

நானும் விட்டேன். தாழ்ந்தது.

அணைத்துவிட்டுக் கைவிளக்கை அடித்துப் பார்த்தோம். அம்மூலையில், வெளிவரும் மின்னழுத்தத்தைக் கண்காணித்து ஏற்றவும் குறைக்கவும் செய்யும் சிறு சுற்றின்மேல், செந்நிறப் பொருக்குப் படிந்திருந்தது.

"ஜங்கா?" என்றார் நண்பர். துருவா என்று கேட்கிறார். நகத்தால் சுரண்டி மூக்கருகே கொண்டு சென்றவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அண்ணாச்சி, சந்தன வாசன வருது."

எனக்கு உடனே விளங்கியது. புரட்டாசியில் நம் சரசுவதி பூசைக்குப் பொறியைப் புத்தகங்களோடு வைத்து வழிபடுவது எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். எங்கள் வீட்டில் அது நம் பூசையோடு நின்றதில்லை. தை மாசிக் காலத்தில் வங்காளத்தார் சரசுவதியை வழிபடும்போது வங்காள மாணவியர் மஞ்சள் சேலையில் வந்து நிற்பார்கள். அன்றும் பொறிக்குப் பூசை. இங்குள்ள பட்டறைகளெல்லாம் விசுவகர்மாவுக்குப் படைக்கும் நாளிலும், இதுவும் ஒரு கருவிதானே என்று அவள் விடமாட்டாள். மூன்று பூசையிலும் பொறியின் மேல் சந்தனம், குங்குமம்; கடைசியில் செம்பிலிருந்து பன்னீர். மறுநாள் விசையைப் போட்டதும் விசிறி, பொறியின் மேலிருந்த துளைகள் வழியே எல்லாவற்றையும் உள்ளிழுத்து இந்த மூலையில் சேர்த்திருக்கிறது. காய்ந்த குங்குமம் இந்நகரத்துக் காற்றின் ஈரத்தை ஆண்டுதோறும் குடித்துக் கம்பித்தடங்களுக்கிடையே ஒரு பாதை போட்டிருக்கிறது. அப்பாதையில் கசிந்த மின், கண்காணிக்கும் சுற்றிடம், மின்னழுத்தம் மிகுந்துவிட்டது என்று பொய் சொல்ல, அச்சுற்றும் நம்பிக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

எரிசாராயத்தில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, வெள்ளைத் துணியால் ஒற்றினேன். துணி சிவந்தது. அப்போது என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"என்ன அது, ரத்தமா?"

துரு என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நண்பர் முந்திக்கொண்டார்.

"மதினி, நீங்க வெச்ச குங்குமம். உள்ள போயி உக்காந்துக்கிட்டு கரண்டயே கொழப்பியிருக்கு."

அவள் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "எத்தன வருசத்துக் குங்குமம்," என்றாள். பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "ரெண்டு இஞ்சினியரும் இத்தன நாளா இதையா தேடினீங்க? என்னக் கேட்டா சொல்லியிருப்பேனே, வருசம் மூணு தடவன்னு," என்றாள்.

"நான் இஞ்சினியர் இல்லை," என்றேன்.

"அது தெரியுது."

நண்பர் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு ஓய்ந்ததும் அத்துணியை மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "அப்ப நாந்தான் அத வாய மூடி வெச்சேனா?" என்று கேட்டாள். இல்லை என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். அவள் நம்பியதாக எனக்குத் தோன்றவில்லை.

உலர்த்தி ஓடவிட்டபோது கோடு முதல் நொடியிலேயே ஐந்தில் நின்றது. மூச்சு விட்டோம், அசையவில்லை. மின்வழங்கியைப் பொறிக்குள் வைத்தோம். ஒரு குறுஞ்சீழ்க்கை, திரையில் எழுத்துகள். சாந்தனிக் கடைக்காரர் சொன்னபடி வந்து, வன்தட்டு முனகிக்கொண்டே கொடுத்ததையெல்லாம் படியெடுத்தார். எல்லாவற்றையும் அது கொடுக்கவில்லை. சில கோப்புகள் நடுவில் அறுந்தன. சிலவற்றில் எழுத்துகள் வந்தன. மேலும் கீழும் இட்ட புள்ளிகள் மட்டும் வரவில்லை. புள்ளி போன இடத்தில் மேல்நிலைச் சட்சமும் கீழ்நிலைச் சட்சமும் ஒன்றுபோலவே நின்றன.

அடுத்த வாரங்களில் மகள் அலுவலகம் முடிந்து நாள்தோறும் வந்து, பயிற்சி விட்டுப்போன குரலில் ஒவ்வொன்றாகப் பாடினாள். நான் தாளில் குறித்தேன். தொடக்கத்தில் என் மனைவி நிமிர்ந்து அமர்ந்து, "ஆமா" என்றாள். "அங்க நிஷாதம் மேல போகாது, கீழ வா" என்று கையால் காட்டினாள். "பெங்காலி மாதிரி உருட்டாத" என்று மகளை அதட்டினாள். தேஷ் வருணத்தின் அனுபல்லவி வந்தபோது மகளோடு சேர்ந்து தானும் பாடி, இறுதிவரை சென்றாள். அன்றொரு நாள் மட்டும் எனக்கு மூச்சு நிதானமாக வந்தது. நாள் செல்லச் செல்ல ஆம் குறைந்தது, இல்லையும் குறைந்தது. இருக்கலாம் என்பது பெருகியது. நான் வீணாக்கிய வாரங்களை அவள் விடைகளில் எண்ண முடிந்தது.

பேஹாகில் அமைந்த தில்லானாவை அவள் தாளம் போட்டுக்கொண்டே கேட்டு முடித்தாள்.

"சரியாம்மா?" என்றாள் மகள்.

"நல்லாருக்கே," என்றாள் அவள். "யாரு பண்ணினது?"

மகள் என்னைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்தேன்.

"நீங்கதாம்மா."

"போடி. நான் பண்ணியிருந்தா எனக்குத் தெரியாதா?"

அதன் பின்னர் நாங்கள் அவளிடம் தீர்ப்புக் கேட்பதை நிறுத்திக்கொண்டோம். பாடிக் காட்டுகிறோம், அவள் கேட்கிறாள், பிடித்திருந்தால் தாளம் போடுகிறாள்.

இக்குறிப்போடு இணைத்துள்ள தொகுப்பில் அவள் ஆம் என்று ஒப்பியவை சில. எஞ்சியவற்றில் புள்ளிகளை நானும் மகளும் ஊகித்து இட்டிருக்கிறோம்; அவ்விடங்களையெல்லாம் அடிக்கோடிட்டுக் காட்டியுள்ளேன். ஊகங்களில் பிழை இருந்தே தீரும். மின்வழங்கியைப் பற்றி நான் மேலே எழுதியதில் துறையறிந்தோர் குறை கண்டால், அதையும் தயங்காமல் எழுதுக, திருத்திக்கொள்கிறேன். ஆனால் அவளிடம் கற்றவர்களிடம் நான் முதன்மையாக வேண்டுவது சுவரங்களைப் பற்றியது. பாயில் அமர்ந்து அவள் வாயிலிருந்து கேட்டது உங்கள் நினைவில் எவ்வாறு உள்ளதோ, அது என் தாளோடு எங்கே மாறுபடுகிறதோ, அங்கே என்னைத் திருத்துங்கள். எழுதி அனுப்ப வேண்டாம். எனக்குச் சுவரம் படித்துப் பாடத் தெரியாது. பாடி அனுப்புங்கள். காலை வேளையில் அவளுக்குப் போட்டுக் காட்டுவேன்.